மணம் என்னும் காணிக்கை

திருக்கடவூரில் வாழ்ந்த கலயனார், இறைவன் சன்னதியில் நாள்தோறும் குங்கிலியத் தூபம் இடுவதையே தம் வாழ்வின் கடமையாகக் கொண்டிருந்தார். வறுமை வந்தது. நிலம் போயிற்று; உடைமைகள் போயின. இரண்டு நாள் பட்டினியால் வாடிய பிள்ளைகளைப் பார்க்கப் பொறாத மனைவியார், தம் திருமாங்கல்யத்தைக் கழற்றிக் கொடுத்து, நெல் கொண்டுவருமாறு வேண்டினார். வழியில் குங்கிலியப் பொதியுடன் ஒரு வணிகர் எதிர்ப்பட்டார். தாலி குங்கிலியமாயிற்று, குங்கிலியம் புகையாயிற்று. அந்த அடியாரை உலகம் இன்றும் குங்கிலியக் கலய நாயனார் என்றே அழைக்கிறது. அவர் இல்லத்தில் இறைவன் நெல்லும் பொன்னும் நிறைத்தருளியதைப் பெரிய புராணம் சொல்கிறது.

வீட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டக் கணக்கு. ஒரு குடும்பத்தின் கடைசிச் சொத்து, சில நாழிகையில் காற்றோடு போய்விடும் ஒரு பொருளாக மாறியது. ஆனால் அந்தப் புகையோடு போனது எது? கையால் தொட முடியாத, கண்ணால் காண முடியாத மணம் என்பது உண்மையில் என்ன? பக்தி கேட்காத இந்தக் கேள்வியை வேதியியல் கேட்டிருக்கிறது. அதற்குக் கிடைத்த விடை பக்திக்கு விரோதமானதன்று.

நுகர்தல் என்ற சொல்

மணம் என்பது பொருளிலிருந்து தனித்து நிற்கும் ஒரு குணம் என்றே நாம் எண்ணுகிறோம். அது அப்படியன்று, மணம் பொருளேதான். மல்லிகையின் மணம் நம்மை வந்தடைகிறது என்றால், மல்லிகையின் மிக நுண்ணிய துகள்கள், அதாவது மூலக்கூறுகள், இதழை விட்டுப் புறப்பட்டுக் காற்றில் மிதந்து நம் நாசியின் உட்புறத்தைத் தொட்டிருக்கின்றன என்றே பொருள். மணக்கும் பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொடியும் தன்னில் ஒரு சிறு பங்கை இழந்துகொண்டே இருக்கிறது. டப்பாவில் வைத்த கற்பூரம் சில மாதங்களில் அளவு குறைந்திருப்பதை எல்லா வீடுகளிலும் காணலாம். அது எங்கும் உருகி ஓடவில்லை. திடப்பொருளாக இருந்தபடியே ஆவியாகிப் போயிற்று. இதைப் பதங்கமாதல் என்று பள்ளிப் பாடநூல் சொல்லும்.

தமிழில் 'நுகர்தல்' என்ற சொல்லுக்கு முகர்ந்து பார்த்தல் என்றும் பொருள் உண்டு. உட்கொள்ளுதல், அனுபவித்தல் என்றும் பொருள் உண்டு. இன்று 'நுகர்வோர்' என்று கடைகளில் எழுதிவைப்பதும் அதே சொல்தான். இறைவனுக்கென்று தொடுத்த மாலையை முகர்ந்து பார்க்கலாகாது என்று பாட்டிமார் கண்டிப்பது வெறும் ஆசாரமாகத் தோன்றலாம். முகர்ந்தவர் அந்தப் பூவின் ஒரு பகுதியை உண்மையாகவே உட்கொண்டுவிட்டார் என்பதுதான் வேதியியலின் முடிவும். முதல் பங்கு ஆண்டவனுக்கு என்ற முறைக்கு, அந்தப் பழைய சொல் ஒன்றே போதிய விளக்கமாக இருக்கிறது.

காயத்தில் பிறந்த வாசனை

செடிகொடிகள் இம்மணங்களை நமக்காக உண்டாக்கவில்லை. அவை தம் வாழ்வுக்காக உண்டாக்கிக்கொண்டவை. மல்லிகை மொட்டாக இருக்கும்போது அதில் மணம் மிகக் குறைவு. மாலையில் இதழ் விரியும் வேளையில்தான் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் முதலிய சேர்மங்கள் காற்றில் கலக்கின்றன. இரவில் உலவும் அந்துப்பூச்சிகளுக்கு விடுக்கும் அழைப்பு அது. இவற்றுள் இண்டோல் என்பது தனியாக, செறிவாக இருந்தால் மலத்தின் நாற்றம் வீசும். அதுவே சிறிதளவாகப் பிற சேர்மங்களுடன் கூடும்போது மல்லிகைக்கு அதன் ஆழ்ந்த வாசத்தைத் தருகிறது. அளவு மாறினால் குணமே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இலையிலும் பட்டையிலும் உள்ள மணப்பொருள்கள் பெரும்பாலும் காவற்படை. பூச்சியையும் பூஞ்சையையும் விலக்குவது அவற்றின் வேலை. சாம்பிராணி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சுமத்ரா தீவில் வளரும் சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கீறினால்தான் அந்தப் பிசின் ஊறும். காயத்தை ஆற்றிக்கொள்ள மரம் சுரப்பதைச் சேகரித்து உலர்த்தித் தணலில் இடுகிறோம். குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு கூந்தலுக்குக் காட்டும் புகையும், வெள்ளிக்கிழமை மாலையில் வீடு முழுவதும் சூழும் புகையும் ஒரு மரத்தின் காயத்திலிருந்து வந்தவை.

இந்தச் சாம்பிராணிக்கு வேதியியல் வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடம் உண்டு. அரபு வணிகர்கள் இதை 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்துக் குந்துருக்கம் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய நாவுகளில் தேய்ந்து 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833-ல் ஜெர்மானிய வேதியியலாளர் மிச்சர்லிக், அந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கி, வடித்த திரவத்துக்கு அதே வேரிலிருந்து பெயர் வைத்தார். அதுவே இன்று பென்சீன் எனப்படுவது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1825-ல், ஃபாரடே வேறொரு வழியில் இதே பொருளைக் கண்டிருந்தார். ஆறு கரியணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் அதன் அமைப்பை 1865-ல் கெகூலே விளக்கினார். அவ்வளையத்தைக் கொண்ட பொருள்கள் பலவும் மணமுள்ளவையாக இருந்ததால், அந்தக் குடும்பம் முழுவதற்கும் 'அரோமேட்டிக்', அதாவது நறுமணச் சேர்மங்கள் என்ற பெயர் நிலைத்தது. பூசையறையில் புகையும் ஒரு பிசினின் பெயரைத்தான் உலகின் எல்லா வேதியியல் கூடங்களும் இன்றுவரை உச்சரித்துக்கொண்டிருக்கின்றன. அதே பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் நறுமணமாக இருப்பதால் பொருள் நன்மையாகிவிடாது.

தீர்த்தக் கிண்ணத்தில் உள்ளவை

பெருமாள் கோயிலில் உள்ளங்கை குழித்து வாங்கும் தீர்த்தத்தைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். துளசி, ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம் ஆகியவை அதில் சேர்கின்றன. கிராம்பு எண்ணெயில் மிகுதியாக இருப்பது யூஜினால். பல்வலிக்குக் கிராம்பை வைத்துக் கடிப்பதும், பல் மருத்துவர் கிராம்பு மணம் வீசும் பூச்சால் பல்லை அடைப்பதும் இதன் மரத்துப்போகச் செய்யும் குணத்தால்தான். துளசியின் முக்கிய மணப்பொருள்களில் ஒன்றும் அதே யூஜினால். பார்வைக்கு எவ்வகையிலும் ஒப்பில்லாத ஒரு மலைநாட்டு மரத்தின் மொட்டும், நம் வீட்டு மாடத்துச் செடியின் இலையும் ஒரே பொருளைத் தனித்தனியே ஆக்கி வைத்திருக்கின்றன. ஏலக்காயில் இருப்பவை சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும்.

இவற்றில் யூஜினாலுக்கு மேலே சொன்ன வளையம் உண்டு. கற்பூரத்துக்கும் சினியோலுக்கும் அது இல்லை. அவை டெர்பீன் எனும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐந்து கரியணுக்கள் கொண்ட ஒரே வகைச் செங்கல்லை மீண்டும் மீண்டும் அடுக்கித்தான் தாவரங்கள் இக்குடும்பம் முழுவதையும் கட்டுகின்றன என்பதை ஒட்டோ வாலாக் என்ற அறிஞர் கண்டறிந்தார். 1910-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு செங்கல் சேர்ந்தால் பத்துக் கரியணு, கற்பூரம் அவ்வகை. மூன்று சேர்ந்தால் பதினைந்து. சந்தனத்தின் சாண்டலால் அவ்வகை. சிறிய மூலக்கூறு விரைவில் பறந்துவிடும். பெரியது மெல்லப் போகும். கற்பூர வாசனை சட்டென்று முகத்தில் அறைந்து மறைவதும், நெற்றியில் இட்ட சந்தனம் நெடுநேரம் மணப்பதும் இதனால்தான்.

கடல் கடந்து வந்த வெண்மை

கற்பூரம் நம் மண்ணில் விளைந்த பொருளன்று. அது இருவகை மரங்களிலிருந்து வந்தது. சீனம், ஜப்பான், தைவான் பகுதிகளில் வளரும் கற்பூர மரத்தைச் சீவி நீராவியில் வடித்தெடுப்பது ஒருவகை. சுமத்ரா, போர்னியோ காடுகளில் ஓங்கி நிற்கும் வேறொரு மரத்தின் உட்பிளவுகளில் வெண்படிகமாகத் தானே உறைந்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு அறிவியல் சூட்டிய பெயர் போர்னியால். கற்பூர மூலக்கூறுக்கும் அதற்கும் வேறுபாடு இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள். பழைய வணிகத்தில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது இதுதான்.

இந்தப் பொருளுக்காகத் தமிழ் வணிகர் கடல் கடந்தனர். சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் என்ற துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, 1088-ஆம் ஆண்டில் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழுவினர் அவ்வூரில் நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. அதற்கும் முன்பே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் கற்பூர மணத்தைப் பாடிவிட்டாள். திருமலையில் வேங்கடவனின் திருமுகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் மரபு இன்றும் தொடர்கிறது. அனந்தாழ்வானின் கடப்பாரை பட்ட இடத்துக்கு அது மருந்து என்பது அடியார்கள் போற்றும் வரலாறு. எங்கோ ஒரு தீவின் காட்டில் மரம் பிளந்து, கப்பலேறிக் காற்றுக்காகக் காத்திருந்து, கரை சேர்ந்து, பொன் கொடுத்து வாங்கப்பட்ட ஒரு சிட்டிகை வெண்மை அது. அதைச் சுவாமிக்குச் சாத்துவது எவ்வளவு பெரிய காணிக்கை என்பது அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. செல்லுலாய்ட் என்ற பொருள் செய்யக் கற்பூரம் தேவைப்பட்டது. சீப்பும் பொம்மையும் புகைப்படச் சுருளும் அதனால் ஆயின. தைவானை ஆண்ட ஜப்பானிய அரசு 1899-ல் கற்பூர வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விலை ஏறவே, விஞ்ஞானிகள் மாற்று வழி தேடினார்கள். பிரெட் என்பவர் 1893-ல் கற்பூரத்தின் அமைப்பைச் சரியாக ஊகித்திருந்தார். பின்லாந்தின் குஸ்தாவ் கோம்பா 1903-ல் அதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1907-ல் தொழிற்சாலை உற்பத்தியும் தொடங்கியது. பைன் மரத்தின் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து படிப்படியாகக் கற்பூரம் செய்யும் முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. ஆரத்தித் தட்டில் நாம் ஏற்றும் வில்லைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே.

அப்படியானால் இது போலியா? மூலக்கூறு அதேதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் கற்பூரம் அமையலாம். கற்பூர மரம் ஒரு கையை மட்டுமே ஆக்குகிறது; தொழிற்சாலை இரண்டையும் சரிபாதியாக ஆக்குகிறது. ஆண்டவன் முன்னே எரியும் சுடருக்கு இந்த வேறுபாடு ஒரு குறையாகாது. பைன் மரமும் அவன் படைப்புத்தானே! ஆனால் எரிப்பதற்கென்று செய்த பொருளை உண்ணும் பொருளாகக் கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது. எரிக்கும் வில்லையில் உணவுக்குரிய தூய்மையை யாரும் உறுதி செய்வதில்லை.

மிச்சமின்றிப் போவது எது?

கற்பூரம் சாம்பலும் இல்லாமல் எரிந்துபோகிறது. அதுபோல் நான் என்னும் அகந்தை சுவடின்றிக் கரைய வேண்டும் என்று உபந்நியாசங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உவமை அழகானது. தட்டைப் பார்த்தால் உண்மையும்கூட. ஆனால் விதானத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். கற்பூர மூலக்கூறில் பத்துக் கரியணுக்களுக்கு இருப்பது ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. அத்தனை கரியும் முழுதாக எரியப் போதிய காற்று சுடருக்குள் கிடைப்பதில்லை. எரியாத கரி கருப்புகையாக மேலே சென்று படிகிறது. பழங்கோயில் மண்டபங்களின் கருத்த கூரைகளில் தலைமுறை தலைமுறையாக ஏற்றிய சுடர்களின் புகை படிந்திருக்கிறது. சாளரமில்லாத கருவறையில் நாள் முழுவதும் நின்று பூசை செய்யும் அர்ச்சகரின் மூச்சுக்குள்ளும் அது செல்கிறது. பல கோயில்களில் கருவறைக்குள் கற்பூரத்தைத் தவிர்த்து நெய்த்தீபம் காட்டுவதற்கும், கற்பூரம் ஏற்ற வெளியே தனி இடம் வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. இதை வழிபாட்டுக்கு விதித்த தடையாக எண்ணி முணுமுணுப்போர் உண்டு. சுவாமியின் திருமேனியையும் முன்னோர் தீட்டிய சித்திரங்களையும் காக்கும் கைங்கரியமாக அதை எண்ணுவதே முறை.

உண்மையில் மிச்சமின்றிப் போவது எரியும் கற்பூரமன்று. எரிக்காமல் வைத்த கற்பூரம். ஓசையின்றி, வெளிச்சமின்றி, கரியின்றி, சிறிது சிறிதாகத் தன்னைக் கொடுத்து அது மறைகிறது. அகந்தை கரைவதற்கு உவமை வேண்டுமென்றால் இதுவே இன்னும் பொருத்தமானதாக இருக்கும்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு

பக்தியோடு சேர்த்து அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கற்பூரம் விழுங்கினால் நஞ்சு. ஒரு கிராம் அளவே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. வெள்ளை வெளேரென்று இருக்கும் வில்லை, தவழும் குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டாகவோ மிட்டாயாகவோ தோன்றும். பூசையறையின் கீழ்த்தட்டு, அதன் கைக்கு எட்டும் உயரம். தாத்தாவும் பாட்டியும் கண்மூடித் தியானிக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும்.

ஆகவே கற்பூர டப்பா உயரத்தில், இறுக மூடி இருக்க வேண்டும். குழந்தையின் மூக்கிலோ வாயருகிலோ கற்பூரத் தைலம் தடவலாகாது. விழுங்கிவிட்டது என்று ஐயம் தோன்றினாலும், வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். டப்பாவையும் உடன் கொண்டுபோவது நல்லது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேர்க்கும் பச்சைக் கற்பூரம், உணவுக்குரியது என்று பொட்டலத்தில் தெளிவாக அச்சிட்டதாக இருக்க வேண்டும். அதுவும் மிளகளவுக்கு மிகாமல், பெரிய பாத்திரத்துக்கு மட்டுமே. ஆரத்தி வில்லையை நசுக்கிப் போடுவது ஒருபோதும் கூடாது. கோயில் தீர்த்தத்தில் கலப்பது அண்டா நீரில் ஒரு சிட்டிகைதான். அதை அஞ்ச வேண்டியதில்லை. முன்னோர் அந்த அளவை அறிந்தே வைத்தார்கள்.

பாருஸ் துறைமுகத்தின் பெயரால் வழங்கிய 'கபூர் பாருஸ்' என்ற சொல்லுக்கு இன்று இந்தோனேசியாவில் அலமாரியில் போடும் அந்துருண்டை என்று பொருளாகிவிட்டது. பொன்னுக்கு நிகரான பொருளின் பெயர் பூச்சிக்கொல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. சொற்கள் இப்படி இடம் மாறும் உலகில், பெயரை மட்டும் நம்பி எதையும் வாயில் போடலாகாது.

ஒரு கட்டை சந்தனம்

சந்தனத்தின் கதை வேறு வகையில் கவலைக்குரியது. சந்தன மரம் தன் வேர்களை அண்டை மரங்களின் வேர்களில் பொருத்தி, அவற்றின் சாரத்தில் ஒரு பகுதியைப் பெற்று வளர்வது. அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் சாண்டலால் இருக்கிறது. நல்ல வைரம் பாய முப்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். வேரிலும் மணம் இருப்பதால், மரத்தை வெட்டுவதில்லை, தோண்டியே எடுக்கிறார்கள். தனியார் நிலத்தில் வளர்ந்த சந்தன மரமும் அரசுக்கே உரியது என்ற பழைய சட்டம், மரத்தை நட விரும்பியவரையும் தயங்க வைத்தது. கர்நாடகம் 2001-லும் தமிழகம் 2002-லும் அதைத் தளர்த்தி, நிலத்துக்கு உரியவரே மரத்துக்கும் உரியவர் ஆக்கின. இருந்தும் திருட்டு வெட்டால் காடுகளில் மரங்கள் அருகிவிட்டன. அழிவை நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் சந்தனம் இடம்பெற்றிருக்கிறது.

இன்று சந்தனம் என்று விற்கும் வில்லைகளிலும் பொடிகளிலும் பல, சந்தனத்தைப் போல் மணக்கும் வேறு செயற்கைப் பொருள்களால் ஆனவை. இங்கே மூலக்கூறே வேறு. கற்பூரத்தில் பொருள் ஒன்று, பிறப்பிடம் மட்டும் வேறு. இதில் பொருளே வேறு, பெயர் மட்டும் ஒன்று. வீட்டில் தாத்தா காலத்துச் சந்தனக் கட்டை ஒன்று இருந்தால், அதைச் சேணையில் நான்கு சுற்று இழைத்து ஒரு பொட்டு இடுவது, பத்துப் பொட்டலம் வாசனைப் பொடியைக் கொட்டுவதைவிட மேலானது. அந்தக் கட்டை பேரன் காலத்துக்கும் வரும்.

பொருள் அரிதாக இருந்த காலத்தில் காணிக்கை சிறிதாகவும் மனம் பெரிதாகவும் இருந்தன. பொருள் மலிந்துவிட்ட காலத்தில், வில்லை வில்லையாகக் கொட்டி எரிப்பதையே பக்தியின் அளவாகக் கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. மூக்கோ மிக நுட்பமானது. காற்றில் சில துகள்கள் கலந்தாலே அறிந்துகொள்ளும். பார்க்கும் பொருளெல்லாம் தானாக நிற்பவனுக்கு அதைவிட மிகுதியாக எதுவும் தேவைப்படுமா? செம்புத் தண்ணீரில் மிதக்கும் துளசித் தளம் ஒன்றே போதும். அந்த ஒரு தளத்தை ஆக்க, அந்தச் செடி வெயிலையும் காற்றையும் நீரையும் கொண்டு எவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கிறது என்பதை அறிந்து இடுகிற கை, அதைச் சற்று மெதுவாகவே இடும்.